தாம்பரம் முதல் அம்பாசமுத்திரம் வரை: வழியில் மின்காருக்கு சார்ஜ் பிடிப்பது எப்படி

அம்மா அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார். மாதம் ஒருமுறையாவது தாம்பரத்திலிருந்து கிளம்பி, அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு வழிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். வண்டி, 2021இல் வாங்கிய நெக்ஸான் மின்கார். அதன் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளும். ஒருமுறை நிறைத்தால் 312 கிலோமீட்டர் ஓடும் என்று சான்றிதழில் போட்டிருக்கிறது. நான்குவழிச் சாலையில் ஏசி போட்டுக்கொண்டு 85 வேகத்தில் போனால் எனக்குக் கிடைப்பது 200தான். அதனால் ஒவ்வொரு முறையும் விழுப்புரம், பெரம்பலூர், துவரங்குறிச்சி, விருதுநகர் என்று நான்கு வட்டாரங்களில் நின்று சார்ஜ் போட்டுக்கொண்டு போகிறேன். புதிதாக மின்கார் வாங்கியவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இது.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சார்ஜரை நம்பிக் கிளம்பவே கூடாது. அது வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போய்ச்சேரும் அளவு சார்ஜ் கையில் இருக்க வேண்டும். இதை நான் ஓர் இரவில் கற்றுக்கொண்டேன். செயலியில் சார்ஜர் காலியாக இருப்பதாகப் பச்சை நிறத்தில் காட்டியது. போய்ப் பார்த்தால் அது இருந்த உணவகத்தின் கேட் பூட்டிக் கிடந்தது. சார்ஜருக்கு 24 மணி நேரமும் உயிர் இருக்கிறது. ஆனால் இரவு 11 மணிக்குக் கடையை மூடிவிட்டார்கள். வண்டியில் 19 சதவீதம். வேறு சார்ஜர் 22 கிலோமீட்டர் பின்னால். ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, 50ஐத் தாண்டாமல் ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது 9 சதவீதம் மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன்பே சார்ஜரை அடைந்துவிடுவதுபோல் திட்டம் போடுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாளே செய்ய வேண்டியவை சில. டாடா பவர், ஸியான், ஸ்டாட்டிக், ஜியோ-பிபி என்று சார்ஜர் நடத்தும் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செயலி. உங்கள் பாதையில் வருபவற்றை மட்டும் இறக்கிக்கொண்டு, வாலட்டில் 500 ரூபாயாவது போட்டுவையுங்கள். நெட்வொர்க் தடுமாறும் இடத்தில் நின்றுகொண்டு ஓடிபிக்குக் காத்திருப்பது பெரும் பாடு. சார்ஜர்கள் இருக்கும் இடங்களைக் காட்டும் ப்ளக்ஷேர் செயலியில், கடைசியாகச் சார்ஜ் போட்டவர்கள் எழுதிவிட்டுப் போன குறிப்புகளைப் படியுங்கள். எவ்வளவு புதிய குறிப்போ அவ்வளவு நல்லது. பிறகு சார்ஜர் இருக்கும் உணவகத்துக்கே போன் செய்து கேளுங்கள்: "இன்றைக்கு உங்கள் சார்ஜரில் யாராவது வண்டி போட்டார்களா?" சார்ஜர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வண்டி போட்டார்களா என்று கேட்டால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று மின்தடை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் வரை ஒவ்வொரு பகுதியாக மின்சாரத்தை நிறுத்தும். உணவகத்தின் ஜெனரேட்டரில் விளக்கும் மிக்சியும் ஓடும், சார்ஜர் பெரும்பாலும் ஓடாது. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும் 'நாளைய மின்தடை' அறிவிப்பை ஊர் ஊராகப் பார்த்துவிட்டுத்தான் நான் நிறுத்தங்களை முடிவு செய்கிறேன்.

சார்ஜரின் கன், அதாவது வண்டியில் செருகும் முனை, எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போதைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேகமான சார்ஜ் என்றால் சிசிஎஸ் 2, மெதுவான சார்ஜ் என்றால் டைப் 2. பழைய அரசு நிலையங்கள் சிலவற்றில் ஜிபிடி வகை கன் மட்டும் இருக்கும். அது நம் வண்டியில் நுழையாது. 60 கிலோவாட் என்று பலகையைப் பார்த்து மகிழ்ந்துவிடவும் வேண்டாம். எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை வண்டியும் முடிவு செய்கிறது. என் வண்டி 30 கிலோவாட்டுக்கு மேல் இழுப்பதில்லை. பக்கத்து கன்னில் வேறொரு வண்டி நின்றால் சில சார்ஜர்கள் மின்சாரத்தை இரண்டுக்கும் பிரித்துவிடும். 80 சதவீதத்துக்கு மேல் எந்த வண்டியிலும் வேகம் விழுந்துவிடும். அந்தக் கடைசி 20க்காகக் காத்திருப்பதைவிட அடுத்த ஊருக்குப் போய்விடுவது மேல். பின்னால் ஒருவர் காத்திருந்தால் 80இல் கழற்றிக்கொடுப்பதுதான் மரியாதையும்கூட.

கன்னை 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகிவிட்டு, பிறகு க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு முறை முயன்றும் தொடங்கவில்லை என்றால் வண்டியைப் பூட்டித் திறந்து மீண்டும் பாருங்கள். திரையே இருண்டு கிடந்தால் சார்ஜரின் பக்கவாட்டில் உள்ள சிவப்புக் குமிழைக் கவனியுங்கள். அது அவசர நிறுத்த பொத்தான். விளையாடும் குழந்தைகள் யாராவது அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். வலப்பக்கமாகத் திருகினால் வெளியே வந்துவிடும். மூன்று இடங்களில் இப்படி 'கெட்டுப்போன' சார்ஜரை உயிர்ப்பித்திருக்கிறேன். அதிலும் வராவிட்டால் சார்ஜரில் ஒட்டியிருக்கும் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அங்கிருந்தே மறுதொடக்கம் செய்துகொடுப்பார்கள்.

எல்லாம் கைவிட்டாலும் 15 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறது. ஏசிக்கோ கீசருக்கோ போடும் அந்தப் பெரிய மூன்று துளை பிளக் இல்லாத லாட்ஜோ கல்யாண மண்டபமோ நம் ஊரில் அரிது. வண்டியோடு வந்த சார்ஜர் பெட்டியை அதில் மாட்டினால் மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஏறும். அறை எடுக்கும் முன்பே கேளுங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீங்களே தொகை சொல்லுங்கள். நான் 15 ரூபாய் கொடுக்கிறேன், இதுவரை யாரும் மறுத்ததில்லை. எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மூன்று கோர், அதற்குக் குறைந்து வேண்டாம். சுருளை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருட்டியபடியே விட்டால் சூடேறி உருகும். அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். வேறு பாயிண்ட் தேடலாம், வீடு பற்றிக்கொண்டால் என்ன செய்வது?

எர்த் சரியில்லாத இடத்தில் பெட்டி வேலையே செய்யாது. அம்மா வீட்டில் முதல்முறை மாட்டியபோது சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. 40 வருட வீடு, எர்த் கம்பி என்றோ துருப்பிடித்து அறுந்திருக்கிறது. ஊர் எலக்ட்ரீஷியன் வந்து, பின்கட்டில் வாழை மரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, இரும்புக் குழாயை இறக்கி, அதைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். மேலிருந்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து மாட்டினோம். சிவப்பு போய்ப் பச்சை எரிந்தது. அம்மா அந்த விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோடையில் குழி காய்ந்தால் எர்த் பலவீனமாகிவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதால், வாழைக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறார்.

அங்கே 10 சதவீதத்திலிருந்து முழுவதும் ஏற ஒன்பது மணி நேரம் ஆகிறது. காலை 5 மணிக்குத் திரும்ப வேண்டுமென்றால், முந்தின இரவு 8 மணிக்குச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே செருகிவிடுகிறேன்.