ஒளுவில் வஸ்வாஸ் வந்தால் என்ன செய்வது

ஜமாஅத் தொடங்க இகாமத்து சொல்லி முதல் ரக்அத்தும் போய்விட்டது, ஒருவர் மட்டும் இன்னும் குழாயடியில் நின்று, தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் ஒளுவை முடிக்காமல் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். சரியாகக் கழுவினோமா என்று விடாமல் துரத்தும் இந்தச் சந்தேகம்தான் வஸ்வாஸ். பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளியிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் இப்படி ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒருவர் நீங்கள்தான் என்றால் மேலே படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "சுத்தமாயிட்டோம்னு மனசு நிறையணும்" என்பது ஒளுவின் ஃபர்ளு, அதாவது கட்டாயக் கடமை, கிடையாது. உறுப்பில் தண்ணீர் பட்டு ஓடினால் கடமை முடிந்தது, மனசு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும். வஸ்வாஸ் உள்ளவர் கழுவுவது அழுக்குக்காக இல்லை, அந்த மன நிறைவுக்காக. அது வரவே வராது, வந்தாலும் குழாயை மூடியதும் போய்விடும், அதனால்தான் திரும்பத் திரும்பத் திறக்கிறார்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. தொழுகையில் ஏதோ வெளியானது போலத் தோன்றுகிறது என்று முறையிட்டவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன பதில் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது: சத்தத்தைக் கேட்கும்வரை அல்லது வாடையை உணரும்வரை தொழுகையை விட்டுப் போக வேண்டாம். உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் நீக்காது என்ற ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) விதியை இதிலிருந்துதான் எடுத்தார்கள். ஒளு செய்தது நிச்சயம், முறிந்ததா என்பது சந்தேகம்; அப்படியானால் ஒளு இருக்கிறது. சரி, வஸ்வாஸுக்கு மருந்து உண்டா என்று ஷாஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பள்ளியின்) பெரிய இமாம்களில் ஒருவரான இப்னு ஹஜர் அல்ஹைதமியிடம் கேட்டார்கள். உண்டு, அதை அடியோடு கண்டுகொள்ளாமல் விடுவதுதான் என்றார். அவர் சொன்னது 16ஆம் நூற்றாண்டில். இன்றைய மனநல மருத்துவர்கள் இதே நோய்க்கு, சந்தேகத்தை எதிர்கொண்டுவிட்டு அதற்குப் பணிந்து கழுவாமல் இருக்கும் பயிற்சியைத்தான் கொடுக்கிறார்கள்.

பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். நபி (ஸல்) ஒரு முத்து (அந்தக் கால அளவை) தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. ஒரு முத்து என்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. ஒரு லிட்டர் போத்தலை நிரப்பிக்கொண்டு குழாயை மூடிவிடுங்கள், அந்தத் தண்ணீரிலேயே ஒளுவை முடியுங்கள். எந்த உறுப்பும் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். குதிகால் நனைந்ததா என்று குனிந்து பார்க்கத் தோன்றும், பார்க்காதீர்கள். போத்தலை வைத்துவிட்டு நேராகத் தொழுகை விரிப்புக்கு வாருங்கள். நெஞ்சு படபடக்கும், "இந்தத் தொழுகை கூடாது" என்று உள்ளே ஒரு குரல் நச்சரிக்கும். அதோடு வாதாடாதீர்கள், பதிலும் சொல்லாதீர்கள், படபடப்போடேயே அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குங்கள். தக்பீரும் ஒரே முறைதான். நிய்யத் (மனதில் கொள்ளும் எண்ணம்) சரியாக வரவில்லை என்று அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவதும் இதே நோய்தான். படபடப்பு தானாக இறங்கும், நாள் போகப்போகச் சீக்கிரமே இறங்கும்.

சிறுநீர்ச் சொட்டு பயமா? சுத்தம் செய்தபின் உள்ளாடையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள், அதற்கும் ஹதீஸ் உண்டு. ஈரம் தெரிந்தால் தெளித்த தண்ணீர் என்று வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள். உண்மையிலேயே சிறுநீர் நிற்காமல் சொட்டும் நோய் இருந்தால் அதற்குத் தனிச் சட்டம், அது வேறு கதை.

நம்மூரில் இன்னொரு பெரிய தலைவலி நாய். கொண்டோ லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவர் அழுத்திய பட்டனை நீங்களும் அழுத்துகிறீர்கள், அவ்வளவுதான், வீடு வந்ததும் சட்டை, கைப்பை, கார்ச் சாவி எல்லாமே சந்தேகம். ஷாஃபி மத்ஹபில் நாய் கடுமையான நஜீஸ்தான் (மார்க்கப்படி அசுத்தம்), பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீர். ஆனால் அதே மத்ஹபில்தான் காய்ந்ததும் காய்ந்ததும் தொட்டால் நஜீஸ் ஒட்டாது என்றும் இருக்கிறது. ஈர நாய் உங்கள் மேல் உரசியதைக் கண்ணால் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் பட்டன் பட்டன்தான். மழை பெய்து தெருச்சேறு காலில் தெறிப்பதையும், நஜீஸ் கண்ணுக்குத் தெரியாதவரை, மன்னித்திருக்கிறார்கள். பிளாட் குளியலறையில் கழிப்பறையும் குளிக்கும் இடமும் ஒன்றாக இருப்பதால் தரையிலிருந்து கணுக்காலில் ஒரு துளி தெறிக்கும். நஜீஸின் நிறமோ வாடையோ இல்லாத துளி வெறும் தண்ணீர்.

ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) தேடுவதை நிறுத்துங்கள். நம்மவர்களில் பலர் ஹனஃபி மத்ஹப், ஊரோ ஷாஃபி, யூடியூபில் இன்னும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், ராத்திரி 2 மணிக்கு அதையெல்லாம் கேட்டால் தெளிவா வரும்? ஒரே ஒரு ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்), "எனக்கு வஸ்வாஸ் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஒரே முறை கேளுங்கள். அதே கேள்வியை வேறு வார்த்தையில் மறுபடி கேட்பதும் கழுவுவது மாதிரியேதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "ஏங்க, இது சுத்தம்தானே?" என்று பத்தாவது முறை கேட்டால் "சுத்தம்தான்மா" என்று சமாதானம் சொல்வது பாசம்தான், ஆனால் அதுதான் பதினோராவது கேள்வியைக் கொண்டுவருகிறது. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, "முன்னாடியே சொல்லியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். கோபப்பட வேண்டாம், ஈமான் குறைவு என்று குத்திக்காட்டவும் வேண்டாம்.

தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறது, வேலைக்குத் தாமதம், தோல் வெடித்துவிட்டது, அல்லது இந்தத் தொல்லையால் தொழுகையையே விடத் தோன்றுகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. பக்கத்து அரசு கிளினிக்கில் சொன்னால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள், கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையிலும் பினாங்கு மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்கலாம் என்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் லைன், எண் 15555. டாக்டரிடம் "மனசு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், ஒளுவுக்கு எத்தனை நிமிடம், ஒரு நாளைக்கு எத்தனை முறை உடை மாற்றுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ரமலான் வந்தால் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று அவரிடமே கேளுங்கள், நோன்புக்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.