நீராவி ரயிலைப் பார்ப்போம், அதன் பெட்டியை வீட்டில் செய்வோம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மேற்கே மலையேறினால் க்ளூஃப் வரும். அங்கிருந்து ஹில்க்ரெஸ்ட், போத்தாஸ் ஹில், ட்ரம்மண்ட் தாண்டி இஞ்சாங்கா வரை போகிற ரயில்தான் உம்கேனி நீராவி ரயில். தன்னார்வலர்கள் பராமரித்து ஓட்டுகிறார்கள். பல வருடங்களாக மாதத்தின் கடைசி ஞாயிறு அதன் நாளாக இருந்து வந்திருக்கிறது. கிளம்பும் முன் அந்த மாதம் ஓடுகிறதா என்று கேட்டு, சீட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

போன குளிர்காலத்தில் என் தங்கை மகளை அழைத்துப் போனேன். ஒன்பது வயது. நடைமேடையில் கூட்டம் முழுக்க எஞ்சினைச் சுற்றி நின்றது. நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மூன்றாவது பெட்டிப் பக்கம் நடந்தேன்.

"மாமா, எஞ்சின் அந்தப் பக்கம் இருக்கு!"

"தெரியும்மா. நம்ம ஆட்கள் உட்கார்ந்து வந்தது இந்தப் பக்கம்."

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் முதல் பொது ரயில் டர்பனில் 1860 ஜூனில் ஓடியது. அதே வருடம் நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் முன்னோரில் முதல் கூட்டத்தை இதே ஊரில் இறக்கியது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலரை நேட்டால் அரசு ரயில்வே வேலைக்கு எடுத்துக்கொண்டது. என் கொள்ளுத்தாத்தாவும் பாதையில் கட்டை சுமந்தவர். டர்பனையும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கையும் 1880இல் இணைத்த பழைய முதன்மைப் பாதையின் ஒரு துண்டுதான் க்ளூஃபுக்கும் இஞ்சாங்காவுக்கும் இடையில் இருப்பது. 1893 ஜூன் 7 இரவு முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இறக்கிவிடப்பட்ட காந்தி, டர்பனிலிருந்து இந்த மலைப்பாதையில் ஏறித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். அவரை இறக்கியது ஒரு பெட்டியிலிருந்து. அதனால் நான் முதலில் செய்யச் சொல்வது பெட்டி. எஞ்சின் பிறகு.

முதல் வேலை: பார்ப்பது

ஜூன், ஜூலையில் போங்கள். குளிர்ந்த காலைக் காற்றில் நீராவி வெண்பஞ்சாகத் திரண்டு நிற்கும். ஜனவரி வெக்கையில் புகைபோக்கியைத் தாண்டியதுமே கரைந்துவிடும். குளிர்காலத்தில் மழையும் குறைவு.

படம் எடுக்க நினைத்தால் பாதைக்கு வடக்கே நில்லுங்கள். நம் நாட்டில் சூரியன் வடக்கு வானில்தான் போகிறது. பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுவதால், வடக்கே நிற்பவருக்குத்தான் பெட்டியின் பக்கவாட்டில் வெயில் விழும். தெற்கே நின்றால் பெட்டி கறுப்பாகிவிடும், ஜன்னல் சட்டங்கள் எதுவும் தெரியாது. காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப்பந்தயம் நடக்கிற பழைய நெடுஞ்சாலை இந்தப் பாதையை ஒட்டியே வருவதால் நிற்க இடத்துக்குக் குறைவில்லை. தண்டவாளத்தின் மேலோ நெருங்கியோ மட்டும் போகாதீர்கள்.

ஹில்க்ரெஸ்டுக்கு அப்புறம் போத்தாஸ் ஹில் வரை ஏற்றம். அங்கே கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டு உருளை உள்ள எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 'குப்' என்ற அடி நான்கு முறை கேட்கும். ஏற்றத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும், எண்ணலாம். இந்த ரயிலை இழுத்த மோரீன் என்ற 1486ஆம் எண் எஞ்சின் 1912இல் கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் செய்தது. 3பிஆர் வகை. அந்தக் கடைசி 'ஆர்', கொதிகலன் மாற்றப்பட்டது என்பதற்கான அடையாளம். முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் எட்டு இயங்கு சக்கரம், பின்னால் இரண்டு.

பயணத்துக்குப் பருத்தி உடுப்பே நல்லது. எஞ்சினிலிருந்து கரித்துகளும் சில நேரம் பொறியும் பறந்து வரும், செயற்கை இழைத் துணியில் பட்டால் ஓட்டை விழும். ஜன்னலோரம் உட்காருபவர்களுக்குக் கண்ணாடி வேண்டும். தலையை வெளியே நீட்டவே கூடாது. ரொட்டி ரோல், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு வரும்போது எல்லாரும் ஒரு பக்கம் சாய்வார்கள். நீங்களும் பாருங்கள், அதை விட்டுவிட்டு அளவெடுக்க வேண்டாம்.

அளவெடுப்பது

இஞ்சாங்காவில் ரயில் நின்றதும், திரும்பிப் போவதற்காக எஞ்சினை ரயிலின் மறுமுனைக்கு மாற்றுவார்கள். பயணிகள் கைவினைச் சந்தைக்குப் போவார்கள். நமக்கு வேலை அந்த நேரத்தில்தான். ரயில் ஊழியரிடம் முதலில் கேளுங்கள். "பெட்டி மாதிரி செய்கிறோம், அளந்துகொள்ளலாமா?" என்று கேட்டால் முகம் மலர்ந்து அவர்களே உதவிக்கு வருவார்கள். அனுமதி இல்லாமல் நடைமேடையை விட்டு இறங்காதீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஐந்து மீட்டர் அளவுநாடா, குறிப்பேடு, பென்சில், செல்போன், 20 சென்டிமீட்டருக்கு ஒருமுறை சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் அடித்த இரண்டு மீட்டர் கம்பு. இந்தக் கம்புதான் முக்கியம். அதைப் பெட்டியின்மேல் சாய்த்து நேர் எதிரே நின்று படம் எடுத்தால், வீட்டுக்கு வந்து படத்திலிருந்தே மீதி அளவுகளைக் கணக்கிடலாம். நீளமான பெட்டி ஒரே படத்தில் அடங்காது. பக்கவாட்டில் நகர்ந்து நான்கைந்து படங்களாக எடுங்கள், ஒவ்வொன்றிலும் கம்பு தெரியட்டும்.

பெட்டியின் முனையை எடுக்கும் படத்துக்குக் கம்புகூடத் தேவையில்லை. தண்டவாள அகலமே அளவுகோல். இங்கே இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1067 மில்லிமீட்டர், மூன்றடி ஆறங்குலம்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: மொத்த நீளம், அகலம், ஜன்னலின் உயர அகலம், ஜன்னலுக்கு ஜன்னல் இடைவெளி, ஜன்னலின் அடிவிளிம்புக்கும் பெட்டியின் அடிவிளிம்புக்கும் உள்ள தூரம், பெட்டிக்கு அடியில் இருக்கும் இரண்டு சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம். ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் பெட்டியையே போகி என்பவர்கள் உண்டு. மாதிரி செய்பவர்கள் போகி என்றால் பெட்டிக்கு அடியில் திரும்பும் அந்தச் சக்கரத் தொகுதியைத்தான் சொல்கிறார்கள்.

உள்ளேயும் பாருங்கள். பழைய தொலைதூரப் பெட்டிகளில் ஒரு பக்கம் நடைபாதை, மறுபக்கம் அறைகள். முதல் வகுப்பில் ஓர் அறைக்கு நான்கு படுக்கை, இரண்டாம் வகுப்பில் ஆறு. அதனால் இரண்டு பக்கத்திலும் ஜன்னல் வரிசை ஒன்றுபோல இருக்காது. ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்துவிட்டு வந்தால் பாதிப் பெட்டிதான் செய்ய முடியும். கழிப்பறை ஜன்னலைத் தேடிப் பாருங்கள். மங்கலான கண்ணாடியில் ஸ்பிரிங்பாக் மானின் தலை பொறித்திருக்கும். பழைய தென்னாப்பிரிக்க ரயில்வேயின் அடையாளம் அது. என் தங்கை மகள் அதைக் கண்டுபிடித்தபின் ஒவ்வொரு பெட்டியாக ஓடி ஓடிப் பார்த்தாள்.

எந்த அளவில் செய்வது?

தொடங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான். உலகத்தில் அதிகம் விற்பது ஹெச்ஓ அளவு, அதாவது 1:87, அசலில் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். ஆனால் நம் 1067ஐ 87ஆல் வகுத்தால் 12.3 தான் வருகிறது. ஹெச்ஓ தண்டவாளத்தில் 1:87 அளவில் நம் பெட்டியை நிறுத்தினால் கால் அகட்டி நிற்பதுபோல இருக்கும். பலர் அதைப் பொறுத்துக்கொண்டு செய்கிறார்கள், தவறில்லை.

நான் பரிந்துரைப்பது 1:64. 1067ஐ 64ஆல் வகுத்தால் 16.7. கடையில் கிடைக்கும் 16.5 தண்டவாளமே ஏறக்குறைய சரியாக உட்காருகிறது. பெட்டியும் கைக்கு அடக்கமாகப் பெரிதாக இருக்கும், ஜன்னல் வெட்டும்போது விரலுக்கு இடம் கிடைக்கும். தோட்டத்தில் ஓட்ட ஆசைப்படுபவர்கள் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 1:24 அளவில் செய்யலாம், அந்தக் கணக்கும் சரியாக வருகிறது.

நீங்கள் அளந்த பெட்டி 19.2 மீட்டர் நீளம், 2.8 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டராக்கி 64ஆல் வகுங்கள். 300 மில்லிமீட்டர் நீளம், 44 மில்லிமீட்டர் அகலம். எல்லா அளவையும் இப்படியே மாற்றி, சதுரக் கோடு போட்ட தாளில் இரண்டு பக்கத்தையும் வரைந்துவிடுங்கள். முப்பது சென்டிமீட்டர் பெட்டி சின்ன வளைவில் திரும்பாது என்பதையும் நினைவில் வையுங்கள். தொடக்கத் தொகுப்பில் வரும் 438 மில்லிமீட்டர் ஆர வளைவில் பெட்டிகளின் மூலைகள் ஒன்றோடொன்று முட்டும். 750க்கு மேல் இருந்தால் நிம்மதி.

வெட்டுவது

ஒரு மில்லிமீட்டர் வெள்ளை ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கெட்டியான சாம்பல் நிற அட்டை போதும். கூர்மையான கத்தி, இரும்பு ஸ்கேல், நைஸான உப்புத்தாள், பசை. சிறுவர்கள் செய்தால் கத்தி வேலையைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைந்ததைத் தாளுக்கு மாற்றியதும் முதலில் ஜன்னல்களை வெட்டுங்கள், பக்கத்தைத் தாளிலிருந்து பிரிப்பது கடைசியில். பிரித்துவிட்டு ஜன்னல் வெட்டினால் ஜன்னலுக்கு மேலே இருக்கும் மெல்லிய பட்டை பிய்ந்துவிடும். ஒவ்வொரு ஜன்னலின் நான்கு மூலையிலும் ஒரு மில்லிமீட்டர் துளை போடுங்கள். மூலை இயல்பாகவே உருண்டு வரும், கத்தியும் துளையில் வந்து நின்றுவிடும், கோட்டைத் தாண்டி ஓடாது. அழுத்தி ஒரே இழுப்பில் வெட்டாதீர்கள். லேசாக ஏழெட்டு இழுப்பு. எல்லா ஜன்னலின் மேல்விளிம்பையும் ஸ்கேலை நகர்த்தாமல் வரிசையாக வெட்டுங்கள், அப்புறம் அடிவிளிம்பு, கடைசியில் நிற்கும் கோடுகள். இப்படிச் செய்தால்தான் ஜன்னல்கள் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு ஜன்னல் அரை மில்லிமீட்டர் இறங்கினாலும் கண் அங்கேதான் போகும்.

அட்டையில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் முதல் பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் அடித்தேன். மறுநாள் காலையில் பக்கச்சுவர் வாழைப்பழம்போல வளைந்திருந்தது. டர்பன் ஈரக்காற்றில் அட்டை சும்மா இருக்காது. வெட்டியவுடன் இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள்.

சேர்ப்பது

தரையை வெட்டி, அதன்மேல் இரண்டு முனைச்சுவர்களை நிறுத்துங்கள். மூலை செங்குத்தாக இருக்கிறதா என்று ஒரு தீப்பெட்டியை வைத்துப் பார்க்கலாம். பக்கங்களை ஒட்டும் முன் வண்ணம் அடித்து, கண்ணாடியை உள்ளிருந்து பொருத்திவிடுவது எளிது. இனிப்புப் பெட்டியின் தெளிந்த மூடி நல்ல கண்ணாடியாகும். கழிப்பறை ஜன்னலுக்கு அதே துண்டை உப்புத்தாளில் தேய்த்தால் மங்கிவிடும். மான் தலையை ஊசியால் மெல்லக் கீறலாம்.

வண்ணம்: 1960 வாக்கில் வரை பெட்டிகள் பழுப்பு. அதன்பின் சிவப்பும் சாம்பலும். நீங்கள் பார்த்த பெட்டி எந்த நிறத்தில் இருந்ததோ அதையே அடியுங்கள், படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கூரைக்குத் தனிப் பொறுமை வேண்டும். முனைச்சுவரின் மேல் வளைவை அச்சாக வைத்து அதேபோல ஐந்து வளைவுத் துண்டுகள் வெட்டி, ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிறுத்துங்கள். மேலே அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன். அதை முன்பே ஒரு பாட்டிலில் சுற்றிக் கட்டி, சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து ஆறவிட்டால் வளைவு நிலைத்துவிடும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். கூரையை ஒட்டாமல் கழற்றும்படி விடுங்கள், உள்ளே இருக்கை வைக்க வேண்டுமே.

சக்கரம்: அதே 16.5 தண்டவாளத்தில் ஓடும் ஓஓ என்ற அளவுப் பெட்டிகளுக்கு விற்கும் 14 மில்லிமீட்டர் சக்கரம் ஏறக்குறையப் பொருந்துகிறது. போகியை ஒற்றைத் திருகில் தளர்வாக மாட்டுங்கள், ஒன்றை இன்னும் கொஞ்சம் தளர்வாக. பாதை மேடுபள்ளமாக இருந்தாலும் சக்கரம் நான்கும் தரையில் நிற்கும். பெட்டி லேசாக இருந்தால் தடம் புரளும். இப்போது அச்சடிக்காத பழைய 5 சென்ட் காசுகள் வீட்டு டப்பாவில் கிடக்கும், அவற்றைப் போகிகளுக்கு மேலே தரையில் ஒட்டுங்கள். முனையில் இணைப்புக் கொக்கியும், வெற்றிட பிரேக்குக்கான வளைந்த குழாயும் வர வேண்டும். குழாய்க்குக் கறுப்பு மின்கம்பித் துண்டு போதும்.

எங்கள் பெட்டி முடிய ஏழு வாரம் ஆனது. தங்கை மகள் இருக்கைகளுக்குப் பச்சைத் தாள் ஒட்டினாள். சின்ன மனித உருவங்கள் ஆறு வாங்கி வந்திருந்தேன். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் தானே வேட்டியும் தலைப்பாகையும் வரைந்து, நடைபாதைப் பக்கம் வைக்காமல், அறைக்குள் ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

"இது யாரும்மா?"

"கட்டை சுமந்தாரே, அந்தத் தாத்தா. உட்கார்ந்து போகட்டும்."

கூரையை மாட்டிய பிறகுதான் பார்த்தோம், மேலே காற்றுப்போக்கிகள் எத்தனை என்று எண்ணாமல் வந்திருக்கிறோம். இஞ்சாங்காவில் உயரமான இடத்தில் ஏறி நின்றால் கூரை தெரியுமா என்று அடுத்த பயணத்தில் பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் அவளே முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறாள்.