பின்சக்கரப் பேரிங்கை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

கார் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பின்னாலிருந்து 'ஊம்ம்' என்று ஒரு இரைச்சல். வேகம் கூடினால் அதுவும் கூடும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நான் இரண்டு மாதம் ஓட்டினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பேரிங் என்பது சக்கரம் உரசாமல் சுழல உதவும் வளையம்; முற்றிப்போன பேரிங் சூடேறி இறுகிப் பிடித்துக்கொண்டால், நடுரோட்டில் சக்கரம் சொன்னபடி கேட்காது.

இங்கே சொல்லப்போவது மாருதி 800, பழைய ஆல்டோ மாதிரி வண்டிகளுக்கு. பின்பக்க பிரேக் டிரம்முக்குள்ளேயே இரண்டு பால் பேரிங் (உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே குண்டுகள் ஓடும் வகை), நடுவில் குழாய்த்துண்டு போல ஒரு ஸ்பேசர், அவ்வளவுதான் அமைப்பு. புதிய கார்கள் பலவற்றில் பேரிங்கும் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒரே துண்டாக வரும். போல்ட்டைக் கழற்றி முழுசாக மாற்றிவிட வேண்டியதுதான், சுத்தியல் வேலையே கிடையாது.

முதலில் பேரிங்தானா என்று பாருங்கள்

டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் இடம் மாறினால் குற்றவாளி டயர். மாறவில்லை என்றால், காலியான அகலச் சாலையில் மெதுவாக வலமும் இடமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சக்கரங்களில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங். கடைசியாகச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் வைத்து ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

தேவையானவை

ஜாக், ஜாக் ஸ்டாண்ட், வீல் ஸ்பேனர், சாக்கெட் செட், நீளமான கைப்பிடி, சுத்தியல், பித்தளைத் தண்டு, கிரீஸ், புது ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் இரட்டைக்கால் கம்பி), உள்பக்கம் ஆயில் சீல் இருந்தால் அதுவும் புதிது. டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இல்லையென்றால் இரவல் வாங்கி வையுங்கள். பேரிங் வாங்கும்போது 'ஆல்டோ பேரிங்' என்று மட்டும் கேட்காதீர்கள். பழையதின் வளையத்தில் எண் பொறித்திருக்கும், அதைக் காட்டி வாங்குங்கள். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் வேறு வேறு அளவாக இருக்கலாம்.

கழற்றுதல்

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். மண் தரை கூடவே கூடாது. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியை முதல் கியரில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கப் போகிறோம். அப்புறம் வண்டியைப் பிடித்திருப்பது அந்தக் கட்டையும் கியரும்தான்.

வண்டி தரையில் நிற்கும்போதே, ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில், வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். நடுவிலுள்ள தகர மூடியை நெம்பி எடுத்து, ஸ்பிளிட் பின்னை உருவி, பெரிய நட்டையும் இப்போதே தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு அதோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவும். அப்புறம் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, அதையும் வண்டிக்கு அடியிலேயே படுக்கப் போடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் கை விடுபவர் என் நண்பராக இருந்தாலும் திட்டுவேன்.

ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, நட்டையும் வாஷரையும் எடுத்துவிட்டு, டிரம்மை இரு கையாலும் பிடித்து ஆட்டியபடி இழுங்கள். வரவில்லை என்றால் பிரேக் ஷூ டிரம்மின் விளிம்பில் மாட்டியிருக்கலாம். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு மறுபடி இழுங்கள். சில சமயம் டிரம் மட்டும் கையோடு வந்து, உள்பேரிங் ஸ்பிண்டிலிலேயே (டிரம் மாட்டியிருக்கும் அச்சு) ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை ஊதாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டிரம்மை இரண்டு மரக்கட்டைகளின் மேல் வையுங்கள். ஸ்பேசரைத் தண்டால் ஒரு பக்கம் நகர்த்தினால் எதிர்ப்பக்கப் பேரிங்கின் உள்வளையம் கொஞ்சம் தெரியும். அங்கே தண்டை வைத்து, இங்கே ஒரு தட்டு, எதிரே ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டினால் இறங்கி விழும். பேரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றுமுன் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதியதை ஏற்றுதல்

முதல் தடவை நான் கோட்டை விட்டது இங்கேதான். பழையதை எப்படி அடித்துக் கழற்றினேனோ, அப்படியே உள்வளையத்தில் அடித்துப் புதியதை ஏற்றினேன். மூன்றே வாரத்தில் அதே இரைச்சல் திரும்பி வந்தது. காரணம் எளிது: வெளிவளையம் டிரம்மில் இறுகி உட்காருகிறது. உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்துவிடும். அடி வெளிவளையத்தில் மட்டுமே படவேண்டும்.

இதற்குக் கைகொடுப்பது பழைய பேரிங். அதன் வெளிவிளிம்பைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்துவிட்டால் துளைக்குள் சிக்காது. வெளிவளையத்தை மட்டும் தனியே கழற்றி எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதைப் புதியதின் மேல் வைத்து, மேலே ஒரு தட்டையான இரும்புத் தகடு வைத்து அடியுங்கள். துளையைச் சுத்தம் செய்து டிரம்மை ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள். பேரிங்கைப் பாலித்தீன் கவரில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். நம்மூர் சித்திரை வெயில் உபயோகப்படும் அபூர்வமான வேலை இது.

முதலில் மெல்ல நாலாபக்கமும் தட்டி நேராக நிறுத்துங்கள். சாய்ந்தால் வெளியே எடுத்து மறுபடி வையுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். இறங்கும்போது 'டங் டங்' என்று ஓசை வரும். அடியில் போய் உட்கார்ந்ததும் அது 'டக்' என்று கட்டையாக மாறும், கைக்கும் தெரியும். அங்கே நிறுத்துங்கள்.

டிரம்மைத் திருப்பி, ஸ்பேசரை மறக்காமல் வைத்து, நடுக்குழியில் பாதிக்கும் குறைவாகக் கிரீஸ் நிரப்புங்கள். நிறைய அப்பினால் சூட்டில் உருகி பிரேக் ஷூவில் இறங்கும். இரண்டாவது பேரிங்கை ஏற்றும்போது ஸ்பேசர் நடுவில் இருக்கிறதா என்று துளை வழியே பாருங்கள். விலகியிருந்தால் ஸ்பிண்டில் நுழையாது.

இனி டிரம்மை மாட்டி, வாஷர், நட். இந்த வகையில் நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு முழுதாக இறுக்க வேண்டும், பாரத்தை ஸ்பேசர் தாங்கிக்கொள்ளும். இறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லும் வீடியோக்கள் டேப்பர் ரோலர் பேரிங் (குண்டுக்குப் பதில் கூம்பு உருளைகள் கொண்டது) உள்ள வண்டிகளுக்கானவை. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் நிறைய. கடைசி இறுக்கத்தை, சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு செய்யுங்கள்; வீல் நட்டுகளையும் அப்போதே முழுதாக இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் போகும் துளை நேராக வந்ததும் புதியதைச் செருகி, அதன் கால்களை மடக்கி, மூடியைத் தட்டிவிடுங்கள்.

கிளம்புமுன் பிரேக் பெடலைப் பல தடவை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள்; ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தியிருந்தால் அதையும் சரி செய்யுங்கள். 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு பின்சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டு போங்கள். மாற்றிய பக்கம் மட்டும் கொதித்தால் எங்கோ இறுக்கம், திரும்பக் கழற்றத்தான் வேண்டும். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் சரி. தேய்த்து வைத்த அந்தப் பழைய வளையத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கமும் அதே கிலோமீட்டர் ஓடியதுதான்.