"நான் யாரு?"ன்னு எழுதிப் பாக்கது எப்படி: நம்ம திருநெல்வேலிக்காரங்களுக்கு

ஒரு பழைய நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு, போன சைலன்ட்ல போட்டுட்டு, "நான்"னு ஆரம்பிச்சு 20 வரி எழுதுங்க. 12 நிமிஷம்தான் டைம். அழகா எழுதணும்னு யோசிக்காதீங்க, மனசுல வார வரிசையிலயே எழுதிட்டுப் போங்க. இது 1954-ல அமெரிக்காவுல கூன், மெக்பார்ட்லேண்ட்னு ரெண்டு பேரு காலேஜ் பசங்களுக்கு வச்ச டெஸ்ட்டு. மாணவன், பொண்ணு, இன்ன மதம்னு ஏதாவது ஒரு கூட்டத்துல சேத்துச் சொல்ற வரியா முதல்ல எழுதிட்டு, பெறவுதான் "நான் சந்தோஷமான ஆளு" மாதிரி சொந்த வரிக்கு வந்தாங்களாம்.

நம்ம ஊர்ல எழுதுனா அந்த முதல் பாதி இன்னும் நீளும்னு நெனைக்கேன். சின்னதுல இருந்தே "ஏல, நீ யாரு மவன்?", "எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?", "பங்குனி உத்திரத்துக்கு எந்த சாஸ்தாவுக்குப் போவிய?"ன்னு கேட்டுக் கேட்டுப் பழக்கி வச்சிருக்காவல்லா. சாஸ்தாங்கறது நம்ம பக்கம் குலதெய்வம். ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதிக்காரங்க போவாங்க, அதனால தெருவும் தெரிஞ்சாத்தான் கேக்குற அண்ணாச்சிக்கு நம்ம என்ன சாதின்னு கணக்கு முடியும். முடிஞ்சதும் மூஞ்சில சிரிப்பு மாறாது, ஆனா பேச்சு ஒண்ணு ஒட்டும், இல்ல "சரி, வாரேன்"னு நறுக்குன்னு முடியும்.

எழுதி முடிச்சாச்சா, இப்ப ஒவ்வொரு வரி பக்கத்துலயும் இது பொறப்புல வந்ததா நானா எடுத்துக்கிட்டதான்னு ஒரு குறி போடுங்க. அதுல ரொம்ப நேரம் மண்டைய ஒடைக்க வேண்டாம். இத யாருகிட்ட சொல்லுவேன், யாருகிட்ட சொல்ல மாட்டேன்னு எழுதுறதுலதான் விஷயமே இருக்கு. தென்காசி 2019-லயே தனி மாவட்டம் ஆயிட்டு, ஆனா சென்னையில கேட்டா கடையநல்லூர்க்காரரு இன்னும் "திருநெல்வேலி பக்கம்"னுதான் சொல்லுவாரு, தென்காசிக்குள்ள கேட்டா கடையநல்லூரு, டெல்லியில தமிழ்நாடு. ஆபீஸ்ல "சொல்லுங்க சார்"னு பேசிட்டு இருந்தவன் வீட்டுல இருந்து போன் வந்ததும் "எம்மா, சாப்ட்டாச்சு, ராத்திரி பேசுதேன், வைக்கேன்"ம்பான், பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பாப்பான். இதுல எது உண்மையான நான்னு தேடாதீங்க, ரெண்டும் அவன்தான். யாரு முன்னால எது வருதுன்னு மட்டும் குறிச்சு வைங்க.

அடுத்தது கொஞ்சம் கஷ்டம். எந்த வரிய யாராச்சும் கிண்டல் பண்ணுனா ஒங்களுக்கு சுருக்குன்னு கோவம் வருமோ அதச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. தாஜ்ஃபெல்னு ஒருத்தர் 1970 வாக்குல இங்கிலாந்து பிரிஸ்டல்ல பள்ளிக்கூடத்துப் பசங்கள, எந்த ஓவியரோட படம் புடிக்குதுன்னு கேட்டு ரெண்டு குரூப்பா பிரிச்சதா சொன்னாரு. உண்மையில சும்மா கைக்கு வந்தபடி பிரிச்சதுதான். அதுக்கே காசு பங்கு வைக்கச் சொன்னப்ப தன் குரூப்புக்குக் கூடப் போட்டாங்க, அடுத்த குரூப்ப விட மேல நிக்கணும்ங்கறதுக்காக தன் ஆளுக்கு வாரது கொறஞ்சாலும் பரவால்லன்னு நெறைய பேரு போட்டாங்க. ஒண்ணுமில்லாத பிரிவுக்கே இப்படின்னா தலைமுறை தலைமுறையா ஊட்டுன பிரிவுக்கு என்ன ஆகும்? 2023-ல நாங்குநேரியில சாதிப் பகையில கூடப் படிச்ச பையனையே வீடு புகுந்து வெட்டுனதுக்குப் பெறவு போட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024-ல குடுத்த அறிக்கையில, பள்ளிக்கூடத்துல சாதியக் காட்டுற கலர் கயிறு கட்டவே விடாதீங்கன்னு சொன்னது சும்மாவா. வட்டம் போட்ட வரிக்குக் கீழ, இந்தக் கோவம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு எழுதுங்க, ஆளு பேரோட.

கடைசியா ஒரு கூட்டாளிகிட்ட ஒங்களப் பத்தி பத்து வரி எழுதி வாங்குங்க. சொந்தக்காரங்க வேண்டாம், அவிய பாதி வரி ஒங்க அப்பாவப் பத்தி எழுதிருவாவ. அடுத்தவன் நம்மள எப்படிப் பாக்கான்னு நாம நெனைக்கோமோ அத வச்சுத்தான் நம்மள நாமளே பாக்கோம்னு சார்லஸ் கூலின்னு ஒரு அமெரிக்க சமூகவியல் அறிஞரு 1902-லயே எழுதிட்டாரு, அந்த நெனப்பு சரியான்னு இப்ப ஒத்துப் பாருங்க.

வீட்டுல பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற பிள்ள எழுதுனா நோட்ட வாங்கிப் படிக்காதீங்க. இந்த மாசம் ஒண்ணு எழுதும், அடுத்த மாசம் அதுக்கு நேர்மாறா எழுதும், அந்த வயசுல அப்படித்தான். பழைய பக்கத்தக் கிழிக்காம தேதி மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்க.