எது வடிவு என்று பிள்ளைகளுடன் ஆராய்வது எப்படி?

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுடன் பழகும் எவரும், தோற்றத்தைப் பற்றிய கவலை அவர்களை எவ்வளவு வருத்துகிறது என்பதை அறிவர். "வெயிலுக்க திரிஞ்சு நல்லாக் கறுத்துப்போனாய்" என்று மாமியோ அன்ரியோ பாசத்தோடு சொன்ன ஒரு சொல்லுக்காக வலைப்பந்து விளையாடுவதை விட்டுவிடும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அழகு மனத்தில்தான் இருக்கிறது என்ற அறிவுரை அந்தப் பிள்ளைக்குப் போதாது. தன்னைப் பற்றிச் சொல்லப்பட்ட தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று ஆராயும் திறனே அதற்குத் துணையாகும். அதற்கென இரண்டு அமர்வுகளை நடத்தும் முறையை இங்கே விளக்குகிறேன். பங்குபற்றுவோர் இருபது பேருக்கு மேற்படாதிருப்பது நல்லது. ஆண்பிள்ளைகளையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் தீர்ப்புச் சொல்கிறார்கள், தீர்ப்புக்கும் உள்ளாகிறார்கள்.

ஒரு கிழமைக்கு முன்னரே பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அம்மம்மாவின் அல்லது அப்பம்மாவின் காலத்துக் கல்யாணப் படம், பெற்றோரின் கல்யாணப் படம், அண்மையில் நடந்த ஒரு சாமத்தியவீட்டின் (பூப்புனித நீராட்டு விழாவின்) படம் ஆகிய மூன்றையும் அவர்கள் கொண்டுவர வேண்டும். அவற்றோடு, தாங்கள் குமராக இருந்த காலத்தில் ஊரில் யாரை வடிவு என்றார்கள், எதற்காக அப்படிச் சொன்னார்கள் என்று வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும். கூந்தலின் நீளம், காதில் தோடு இருந்த விதம், உடம்பின் பூரிப்பு, நடை, குரல் என்று விடைகள் பலவாறு வரும். முன்பெல்லாம் "மெலிஞ்சு போனாய்" என்பது சாப்பாடும் கவனிப்பும் குறைந்துவிட்டனவோ என்ற கவலையோடு கேட்கப்பட்டது. இன்று அதே சொற்களைப் பாராட்டாகக் கேட்டு மகிழ்கிறவர்கள் உள்ளனர். இந்த மாற்றத்தைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்ள விடுங்கள். அமர்வின் தொடக்கத்தில் ஒரு விதியை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்: அங்கே இருக்கும் எவருடைய நிறத்தையும் முகத்தையும் உடம்பையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளக்கூடாது.

பிற நாடுகளிலிருந்து தொடங்காதீர்கள் என்பதை மிகவும் வலியுறுத்துகிறேன். உதட்டில் தட்டு அணிந்த பெண்களின் படத்தை முதலில் காட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள் அல்லது இரக்கப்படுவார்கள். இரண்டிலும் தம்மை நடுவர் இடத்தில் வைத்துக்கொள்வார்கள். நமது வழக்கமும் பலவற்றுள் ஒன்றே என்பது முதலில் தெளிவாக வேண்டும். அதற்குக் குறுந்தொகையின் 27 ஆம் பாடல் மிகவும் பொருத்தமானது. கன்றும் உண்ணாமல் கலத்திலும் சேராமல் நிலத்தில் சிந்திய பாலைப் போல, தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் மாமை எனப்படும் தன் கருமை கலந்த மாந்தளிர் நிறத்து அழகைப் பசலை என்னும் பிரிவுத் துயரின் வெளிறல் உண்ணப் பார்க்கிறது என்று வெள்ளிவீதியாரின் தலைவி வருந்துகிறாள். மேனி வெளிறுவது அவளுக்கு அழகின் இழப்பு. கம்பரும் இராமனின் வடிவை வியக்கும்போது மையையும் மழைமுகிலையும் உவமை தேடுகிறார். சிகிரியாவின் 5 ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பொன்னிறப் பெண்களும் கருநிறப் பெண்களும் அருகருகே தீட்டப்பட்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் அங்கு வந்து கண்ணாடிபோல் மினுக்கப்பட்ட 'கண்ணாடிச் சுவரில்' பாடல் பொறித்தவர்கள் இரு நிறத்தாரையும் புகழ்ந்திருக்கிறார்கள். இவற்றைப் பார்த்த பின்னர், மணமகள் தேவை விளம்பரம் ஒன்றைப் பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டி, இடையில் என்ன நடந்திருக்கலாம் என்று கேளுங்கள். குடியேற்ற ஆட்சி என்ற விடை உடனே வரும். அது பொய்யல்ல, ஆனால் முழு விடையுமல்ல. வயலில் வெயிலில் நிற்பவருக்கும் நிழலில் இருப்பவருக்கும் இடையே நாமே வகுத்துக்கொண்ட ஏற்றத்தாழ்வையும், அதில் சாதி வகித்த பங்கையும் தவிர்க்காமல் பேசுங்கள்.

இந்த இடத்திலிருந்து பிற நாடுகளுக்குச் செல்லலாம். ஒவ்வொரு வழக்கத்தைப் பற்றியும், அந்தத் தோற்றம் அங்கே எதற்கு அடையாளமாக இருந்தது என்ற கேள்வியைப் பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பாலோர் வயலில் உழைத்த காலத்தில் வெண்மையான தோல் செல்வத்தைக் காட்டியது. உழைப்பாளர் தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே போன பிறகு, 1920களில், வெயிலில் காய்ந்து பழுப்பேறிய தோல் ஓய்வுக்கும் பயணத்துக்கும் வசதி உள்ளவரின் அடையாளமாகியது. யப்பானில் மேற்குடிப் பெண்களும் மணமான பெண்களும், இரும்பைப் புளிக்காடியில் ஊறவைத்து எடுத்த நீரால் பற்களைக் கருமையாக்கிக்கொண்டார்கள். 1870 இல் அரசாங்கம் மேற்குடியினருக்கு அதைத் தடைசெய்ததும், 1873 இல் பேரரசியே அவ்வழக்கத்தைக் கைவிட்டதும் அது மங்கத் தொடங்கியதற்கு முக்கிய காரணங்களாயின. நைஜரைச் சூழ்ந்த நிலங்களில் மந்தை மேய்த்து வாழும் வொடாபே மக்களின் விழாவில் இளைஞர்கள் முகத்துக்கு வண்ணம் பூசி, கண்ணின் வெண்மையும் பல்லின் வெண்மையும் தெரியும்படி வரிசையில் நின்று ஆடுகிறார்கள். அவர்களுள் அழகனைத் தெரிவு செய்பவர்கள் பெண்கள். இந்த எடுத்துக்காட்டுக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். அழகு பெண்ணுக்குரியது, அதை அளப்பது ஆணுக்குரியது என்ற எண்ணம் இயல்பானதல்ல என்பதை இதைவிட விரைவாக வேறொன்றும் உணர்த்தாது.

இரண்டாம் அமர்வில் கேள்வி மாற வேண்டும்: இந்த அழகுக்கு யாருடைய உடம்பு விலை கொடுக்கிறது? வேறுபாடுகளை மதிப்பது என்பதற்கு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது என்று பொருளல்ல. சீனாவில் சிறுமிகளின் பாதங்களைக் கட்டி எலும்பை வளைத்த வழக்கத்தைச் சீனச் சீர்திருத்தவாதிகளே எதிர்த்துப் போராடினார்கள். 1912 இல் புதிய குடியரசு அதைத் தடைசெய்தது. மௌரித்தானியாவில் பருத்த மேனி வேண்டுமென்று சிறுமிகளுக்குப் பாலையும் தானியத்தையும் வலிந்து ஊட்டும் வழக்கத்தை எதிர்ப்பவர்களுள் அந்நாட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அடுத்து, நமது கடைகளில் விற்கப்படும் வெள்ளையாக்கும் கிறீம்களை அதே வரிசையில் வையுங்கள். அவற்றுள் சிலவற்றில் சேர்க்கப்படும் பாதரசம், தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுத்து நிறத்தைக் குறைக்கும். உடம்பினுள் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013 இல் உருவான மினமாட்டா என்னும் பன்னாட்டு உடன்படிக்கை, ஒரு கிலோகிராமில் 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கொண்ட அழகுப் பொருட்களை 2020 க்குள் நிறுத்துமாறு விதித்தது. ஆயினும் உள்ளடக்கப் பட்டியலோ உற்பத்தியாளரின் முகவரியோ இல்லாத குப்பிகள் இன்றும் கைமாறுகின்றன. அத்தகையவற்றை வாங்க வேண்டாம் என்றும், ஏற்கெனவே பூசியவர்கள் வெட்கப்படாமல் தோல் வைத்தியரிடம் குப்பியையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசியில் பார்க்கும் படங்கள் பிள்ளைகளை எப்படிப் பாதிக்கின்றன என்று பேச, தொலைக்காட்சி வந்தபோது பீஜித் தீவுக்கு ஏற்பட்ட அனுபவம் உதவும். அங்கே கட்டான, பூரித்த உடம்பு ஒருவரை அவருடைய குடும்பமும் ஊரும் நன்றாகக் கவனிக்கின்றன என்பதற்கு அடையாளமாக இருந்தது. மெலிவு கவலைக்குரியதாகக் கருதப்பட்டது. ஒரு மாகாணத்துக்குத் தொலைக்காட்சி வந்த 1995 இலும், பின்னர் 1998 இலும் அங்குள்ள பள்ளி மாணவியரிடம் ஆய்வு செய்யப்பட்டது. எடையைக் கட்டுப்படுத்துவதற்காக வலிந்து வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முதல் ஆய்வில் ஒருவரும் இல்லை. இரண்டாம் ஆய்வில் 11.3 வீதத்தினர் அவ்வாறு சொன்னார்கள். இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். அம்மம்மாவின் விடைகளை எழுதிவந்த பிள்ளைகள் அவற்றைத் தம் வீட்டோடு பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக மூன்று படங்களையும் மீண்டும் எடுக்கச் சொல்லி, சாமத்தியவீட்டுப் படத்தில் பிள்ளையின் முகத்துக்கும் கைக்கும் நிறம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கச் செய்யுங்கள். பிறகு, தத்தம் வீட்டில் அடுத்து நடக்கவிருக்கும் விழாவுக்கு அலங்காரம் செய்பவருக்கும் படம் பிடிப்பவருக்கும் கொடுக்க வேண்டிய அறிவுறுத்தலை ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதட்டும்: தோலின் நிறத்துக்கு ஒத்த பூச்சையே பயன்படுத்த வேண்டும், கணினியில் நிறத்தை வெளுப்பாக்கவோ உடம்பை மெலிவாக்கவோ கூடாது, மாற்றம் எதுவாயினும் பிள்ளையைக் கேட்ட பின்னரே செய்ய வேண்டும் என்பன போல. அந்தத் தாள்களை நீங்கள் சேகரிக்க வேண்டாம். ஸ்டூடியோவுக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே பெற்றோர் வாசிக்கும்படி பிள்ளைகள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.