வரலாற்றுக் கட்டுரையில் யார் செய்தது என்று எழுதுங்கள்

வரலாற்று ஆய்வுக் கட்டுரை என்றதுமே பலர் கனமான சொற்களாகத் தேடிப்பிடித்து அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அது வேண்டாம். நடை கெடுவது பெரும்பாலும் வேறு இடத்தில்.

எழுதிய பக்கத்தை எடுத்து, 'பட்டது' என்று முடிகிற வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். 'பாஸ்டில் சிறை தாக்கப்பட்டது' என்று இருக்கும். சரி, தாக்கியது யார், எதற்காக? 1789 ஜூலை 11 அன்று பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, நிதியமைச்சர் நெக்கேரைப் பதவியிலிருந்து நீக்கினார், மறுநாள் செய்தி எட்டியதும் பாரிஸ் கொந்தளித்தது, 14ஆம் தேதி காலையில் ஒரு கூட்டம் முன்னாள் படைவீரர் இல்லமான இன்வாலிட் கட்டடத்துக்குள் புகுந்து துப்பாக்கிகளை அள்ளியது, ஆனால் வெடிமருந்து பாஸ்டிலில் இருந்தது. இப்படி எழுதினால் காரணம் தானாகவே வந்துவிடும். அன்று உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர் என்பதையும் சேர்த்துவிட்டால், அவர்களை விடுவிக்கத்தான் கூட்டம் போனது என்ற பழைய கதையும் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும்.

செய்தவர் யார் என்று எந்த ஆவணமும் சொல்லாதபோது 'பட்டது' போடுங்கள், தப்பில்லை. தெரிந்தும் அதன் பின்னால் ஒளியக் கூடாது.

'மக்கள்', 'சமூகம்' போன்ற சொற்களிலும் இதே சிக்கல்தான். எந்த மக்கள்? பாஸ்டிலைப் பிடித்தவர்களில் தச்சர்கள் இருந்தார்கள், பூட்டு செய்பவர்கள் இருந்தார்கள், செருப்புத் தைப்பவர்கள் இருந்தார்கள். அதையே எழுதுங்களேன்.

அப்புறம் மேற்கோள். நாலு வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடாதீர்கள், அது எந்த மாதிரி ஆவணம் என்று சொல்லுங்கள். ஜூலை 14 அன்று லூயி தன் நாட்குறிப்பில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார், இதை மட்டும் காட்டி மன்னருக்கு நாட்டு நடப்பே தெரியாது என்று முடிவுகட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நாட்குறிப்பில் வேட்டைக் கணக்குத்தான் அதிகம், அன்று வேட்டை இல்லை, அவ்வளவுதான். இந்த விளக்கம் மேற்கோளுக்குப் பக்கத்திலேயே, உங்கள் சொந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் புதைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

'ஆதிகாலம் தொட்டே மனிதன்' என்று தொடங்கும் முதல் வரியைத் தயங்காமல் வெட்டுங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள், உங்கள் வாதம் என்னவென்று அப்போதுதான் உங்களுக்கே தெளிவாகியிருக்கும். பிறகு முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்குகிற வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.