புள்ளி மேகத்தை மெஷ் ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இருவர் ஒரு பழைய கல் மண்டபத்தின் லேசர் ஸ்கேனை, அதாவது கல்லின் பரப்பில் அளந்த புள்ளிகளின் மேகத்தை, மெஷ் (சிறு முக்கோணங்களை இணைத்த பரப்பு) ஆக்க உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அவர்கள் திரையை எட்டிப் பார்த்தேன். தூண்களுக்கு நடுவே தரையிலிருந்து பெரிய குமிழ் ஒன்று உப்பியிருந்தது. கூரைக்கு மேலே இன்னொன்று. அந்தக் குமிழை எனக்கு நன்றாகத் தெரியும். என் முதல் பெரிய வேலையில் அதோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அவர்களும் அதே இடத்தில்தான் சறுக்கியிருந்தார்கள்.

ஓவர்லாப் போதவில்லை, பேட்டரி தீர்ந்தது, ஸ்கேன் நடக்கும்போது ஆள் குறுக்கே போனார் போன்றவற்றை முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். கணினி முன்னால் உட்கார்ந்த பிறகு செய்கிற தவறுகள் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எல்லா ஸ்கேனையும் ஒரே ஃபைலில் கொட்டுவது

முக்காலியில் நிற்கும் ஸ்கேனர், தான் நிற்கும் இடத்தை மையமாக வைத்துச் சுற்றிலும் அளக்கிறது. மண்டபம் என்றால் இப்படி அறுபது எழுபது இடங்களில் வைத்து எடுப்போம். ரெஜிஸ்ட்ரேஷன் முடிந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிடும். அடுத்து எக்ஸ்போர்ட். ஒவ்வொரு ஸ்கேனையும் அது எடுக்கப்பட்ட இடத்தோடு தனித்தனியாக இ57 அல்லது பி.டி.எக்ஸ் ஆக எழுதலாம். எல்லாவற்றையும் கலந்து ஒரே எக்ஸ்.ஒய்.இசட் அல்லது பி.எல்.ஒய் ஃபைலாகவும் எழுதலாம். புதிதாக வருபவர் இரண்டாவதைத்தான் தேர்வு செய்வார். திறக்க எளிது, அனுப்ப எளிது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் கலந்த ஃபைலில் எந்தப் புள்ளியை எந்த இடத்திலிருந்து பார்த்தோம் என்ற தகவல் போய்விட்டது.

அது ஏன் வேண்டும்? மெஷ் என்றால் ஒரு பக்கம் கல், மறுபக்கம் காற்று என்று தெரிந்தாக வேண்டும். வெறும் புள்ளிக்குப் பக்கம் கிடையாது. அதற்குத்தான் நார்மல். பக்கத்துப் புள்ளிகளின் மேல் ஒரு தளத்தைப் பொருத்தி, அதற்குச் செங்குத்தான திசையை நார்மலாக எடுக்கிறோம். ஆனால் ஒரு தளத்துக்குச் செங்குத்துத் திசைகள் இரண்டு. எது காற்றுப் பக்கம் என்று அந்தக் கணக்கு சொல்லாது. மைக்கேல் கஜ்தான், மேத்யூ பொலிதோ, யூக் ஹோப் மூவரும் 2006-இல் வெளியிட்ட பாய்சான் முறை, புள்ளிகளிலிருந்து மெஷ் உருவாக்கும் முறை, நார்மல்களை முழுதாக நம்பி இயங்குவது. உள்ளே எது, வெளியே எது என்று நார்மலை வைத்தே அது முடிவு செய்கிறது. ஒரு தூணின் ஒரு முகத்தில் நார்மல்கள் திரும்பியிருந்தால், அந்தப் பக்கத்துக் காற்றைக் கல் என்று எடுத்துக்கொள்ளும். குமிழ் பிறப்பது அங்கேதான்.

ஸ்கேனர் நின்ற இடம் கையில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. லேசர் காற்று வழியாகத்தான் வந்து கல்லைத் தொட்டது. அப்படியானால் ஸ்கேனர் இருந்த பக்கம் நிச்சயம் காற்று. புள்ளியிலிருந்து ஸ்கேனரை நோக்கிய திசைக்கும் நார்மலுக்கும் இடையே 90 பாகைக்கு மேல் கோணம் இருந்தால் நார்மலைத் திருப்பிவிடு. அவ்வளவுதான். பக்கத்துப் புள்ளியைக் கேட்க வேண்டியதில்லை, ஊகிக்க வேண்டியதில்லை.

அந்த இடம் தொலைந்துவிட்டால் ஊகம்தான் மிஞ்சும். ஒரு புள்ளியின் திசையைப் பக்கத்துப் புள்ளிக்குக் கடத்தி, அங்கிருந்து அடுத்ததற்குக் கடத்தி, மேகம் முழுக்கப் பரப்புவது ஒரு வழி. வழவழப்பான சிலைக்கு இது நன்றாகவே வரும். மண்டபத்தில் கூரான தூண் விளிம்பு, ஸ்கேனர் பார்க்காத இடைவெளி, மெல்லிய கல் சாளரம் என்று வழி நெடுக இடறும் இடங்கள். ஓரிடத்தில் தவறாகத் தாவினால் அதற்கப்புறம் வருகிற அத்தனையும் தலைகீழ். மண்டபத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து எல்லா நார்மலையும் அதை நோக்கித் திருப்புவது இன்னொரு வழி. காலி அறைக்குச் சரி. தூண்கள் உள்ள இடத்தில் ஒவ்வொரு தூணின் மறுபக்கமும் தவறாகத் திரும்பும்.

என் கதைக்கு வருகிறேன். 64 இடங்களில் எடுத்த ஸ்கேன். எல்லாவற்றையும் கலந்து, 5 மி.மீ. இடைவெளிக்குக் குறைத்து, டிஸ்கில் இடம் வேண்டும் என்று தனி ஃபைல்களை அழித்துவிட்டேன். குமிழ் வந்ததும் தூண் தூணாக வெட்டி, முகம் முகமாகத் தேர்ந்தெடுத்து, கையாலேயே நார்மலைத் திருப்பினேன். 36 தூண்கள். இரண்டு வாரம் ஆயிற்று. கல் சாளரம் அப்போதும் சரிவரவில்லை. அதன் கனம் 6 செ.மீ., நார்மல் கணக்கிட நான் கொடுத்த ஆரம் 10 செ.மீ. முன்பக்கப் புள்ளியும் பின்பக்கப் புள்ளியும் ஒன்றாகக் கலந்து, நார்மல்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் கிடந்தன. ஸ்கேன் வாரியாகக் கணக்கிட்டிருந்தால் இதுவும் பெரும்பாலும் வந்திருக்காது, ஏனென்றால் ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது சாளரத்தின் ஒரு பக்கம்தானே தெரியும். கடைசியில் மறுபடி ஸ்கேன் எடுக்கக் கிளம்பினேன். அதற்குள் திருவிழாவுக்குப் பந்தல் கால் நட்டுவிட்டார்கள். திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கும்வரை காத்திருந்தேன்.

இத்தனை வருடம் கழித்தும் இது எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஸ்கேனர் கஷ்டப்பட்டு அளந்து கொடுத்த தகவலை நாமே தூக்கிப் போட்டுவிட்டு, அதையே ஊகித்துக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் உழைக்கிறோம்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனியாக நார்மல் கணக்கிட்டு, ஸ்கேனர் பக்கம் திருப்புங்கள். அப்புறம் கலக்குங்கள், குறையுங்கள். கிளவுட்கம்பேர் என்ற புள்ளி மேக மென்பொருளில் பி.டி.எக்ஸ் ஃபைலைத் திறக்கும்போதே ஸ்கேன் கட்டத்தை வைத்து நார்மல் கணக்கிடும் வசதி இருக்கிறது. கலந்தே தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் ஸ்கேன் எண்ணையும் சேர்த்து எழுதிவையுங்கள். வெளியாளிடம் ஸ்கேன் வேலையைக் கொடுத்தால், தனித்தனி ஸ்கேன்கள் இடத் தகவலோடு வேண்டும் என்று வேலை ஆணையிலேயே எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

அந்த இருவரிடமும் தனி ஃபைல்கள் இன்னும் இருந்தன. மறுநாள் மதியத்துக்குள் குமிழ் போய்விட்டது.

நில அளவை ஆயங்களோடு அப்படியே மெஷ் செய்வது

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு புள்ளியின் யு.டி.எம் (இடத்தை மீட்டரில் கிழக்கு, வடக்கு அளவுகளாகச் சொல்லும் வரைபட ஆய முறை) வடக்கு அளவு சுமார் 11,90,000 மீட்டர். பல மெஷ் மென்பொருள்கள் ஆயங்களை 32 பிட் எண்ணாக வைத்துக்கொள்கின்றன. அதில் ஏழு இலக்கம் வரைதான் நம்பலாம். இவ்வளவு பெரிய எண்ணுக்கு அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே 12.5 செ.மீ. இடைவெளி விழும். கிழக்கு அளவு சிறிய எண் என்பதால் அங்கே 3 செ.மீ. மில்லிமீட்டர் கணக்கில் அளந்த தூண் சிற்பம் படிக்கட்டாக மாறிவிடும். கிளவுட்கம்பேர் திறக்கும்போதே ஆயத்தை நகர்த்தட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்தாதீர்கள். எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதை ஒரு குறிப்பில் எழுதி, எல்லா ஸ்கேனுக்கும் அதே அளவைக் கொடுங்கள்.

இரட்டைத் தோலை ஸ்மூத்திங் போட்டு மறைப்பது

ஸ்கேன்கள் சரியாகப் பொருந்தாவிட்டால் ஒரே கல் முகம் சற்று விலகிய இரண்டு பரப்பாக வரும். மெஷ்ஷை வழவழப்பாக்கினால் (ஸ்மூத்திங்) அது மறையும், தவறு போகாது. தூணின் குறுக்கே 2 செ.மீ. சீவல் வெட்டி மேலிருந்து பாருங்கள். இரண்டு கோடு தெரிந்தால் ரெஜிஸ்ட்ரேஷனுக்குத் திரும்புங்கள்.

டெப்த்தை ஏற்றிக்கொண்டே போவது

மண்டபத்தை எவ்வளவு சிறிய கட்டங்களாகப் பிரிப்பது என்று பாய்சானுக்குச் சொல்வது டெப்த். டெப்த் 10 என்றால் ஒரு பக்கத்துக்கு 1024 கட்டம். 20 மீட்டர் மண்டபத்தில் ஒரு கட்டம் சுமார் 2 செ.மீ. டெப்த் 12 போட்டால் 5 மி.மீ. மெஷ்லேப் மென்பொருளில் தானாக வரும் 8-ஐ விட்டுவைத்தால் ஒரு கட்டம் 8 செ.மீ., சிற்பம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிவிடும். அதற்காக 13, 14 என்று ஏற்றுவதிலும் பயனில்லை. புள்ளிகளே 5 மி.மீ. இடைவெளியில் இருக்கும்போது, அதற்கும் கீழே போனால் ஸ்கேனரின் இரைச்சல்தான் சிற்பமாக வரும். கூடுதல் நுணுக்கம் வேண்டிய தூணைத் தனியாக, நெருக்கமாக ஸ்கேன் எடுத்துத் தனி மெஷ்ஷாகச் செய்யுங்கள்.

விளிம்புப் பேய்ப் புள்ளிகள்

லேசர் கற்றை தூண் விளிம்பில் பாதியும் பின்சுவரில் பாதியும் விழுந்தால், இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் ஒரு புள்ளி பதிவாகும். நார்மல் கணக்கிடும் முன் நீக்குங்கள்.

ஓட்டை இல்லாத மெஷ்ஷைப் பார்த்துத் திருப்தி அடைவது

பாய்சான் எல்லா ஓட்டையையும் மூடிவிடும். தரையில் நின்ற ஸ்கேனர் கொடுங்கையின் (கூரை விளிம்பில் வெளியே நீளும் வளைந்த கல்) மேற்பக்கத்தைப் பார்த்திருக்காது, ஆனால் மெஷ்ஷில் அங்கே வழவழப்பாக ஒரு பரப்பு இருக்கும். அது யாரும் அளக்காத கல். விளையாட்டுக்கோ காட்சிக்கோ என்றால் பரவாயில்லை. பாதுகாப்புப் பணிக்கு வரைபடம் எடுப்பவர் அதை நம்பி அளவு எடுத்தால் பெரிய தப்பு. பாய்சான் ஒவ்வொரு முனைக்கும் புள்ளி அடர்த்தியைக் கொடுக்கும். அது குறைந்த இடங்களை வெட்டி எடுத்துவிடுங்கள்.

அந்த இருவரின் மெஷ்ஷில் இப்படி வெட்டியபோது கொடுங்கை நெடுகிலும் ஓட்டை விழுந்தது. ஒப்படைக்கும் முன் மூடிவிடலாமா என்று கேட்டார்கள். திறந்தபடியே கொடுத்தோம், "இங்கே அளவு இல்லை" என்று படத்தில் குறித்து. வரைபடக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் சாரம் கட்டி ஏறி அளக்க நாள் குறித்தார்.